சொட்டுநீரும் பாக்கெட் லாஸும்

நான் நெட்வொர்க் என்ஜினியர். யாரிடமாவது இதைச் சொன்னால், அவர்கள் வீட்டு வைஃபை மாடியில் ஏன் கிடைப்பதில்லை என்று உடனே கேட்பார்கள். அது என் வேலை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எங்கள் கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்துக்கும் சிங்கப்பூரில் இருக்கும் சர்வர்களுக்கும் நடுவில் தகவல் போக்குவரத்து தடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பிறந்து வளர்ந்தது சிங்காநல்லூர். வாக்கப்பட்டது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், ஒரு தென்னந்தோப்புக்குள்.

கல்யாணம் ஆன பிறகும் நான் பெங்களூர் ஹாஸ்டலில், கணவர் தோப்பு வீட்டில் என்று எங்கள் குடித்தனம் பாதி பஸ்ஸிலேயே நடந்தது. கெஞ்சியும் சண்டை போட்டும் பார்த்த பிறகு மேனேஜர் ஒருவழியாக இறங்கி வந்தார். ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை பார், லைன் நன்றாக இருந்தால் அங்கேயே இருந்துகொள், இல்லாவிட்டால் பெட்டியோடு திரும்பி வா என்றார். மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, சிங்கப்பூர்க்காரர்களோடு வீடியோவில் பேசிக்கொண்டே நெட்வொர்க்கில் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்து முடிக்க வேண்டும். அதை வைத்துத்தான் முடிவு.

உடுமலையிலிருந்து ஃபைபர் கேபிள் தென்னைக்குத் தென்னை கட்டப்பட்டு வீடு வரை வந்து சேர்ந்தது. மீந்த கேபிளை வட்டமாகச் சுருட்டி வெளிச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நான் சமையலறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து இங்கிலீஷில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் கதவுக்கு வெளியே சைகையிலேயே காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் மாமனார் தோப்பிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏனம்மணி, நாளெல்லாம் லேட்டன்சி, லேட்டன்சிங்கறயே, அப்படீன்னா என்ன?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் வேலையைப் பற்றி இதுவரை ஒரு மனிதர் அக்கறையாகக் கேட்டதில்லை, கட்டிக்கொண்டவரே கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த சொட்டுநீர்ப் பாசனத்தை வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். பேண்ட்வித் என்பது குழாயின் அகலம். வால்வைத் திறந்த பிறகு கடைசி மரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரமோ, அதுதான் லேட்டன்சி. குழாயில் காற்றடைத்துக்கொண்டு தண்ணீர் விட்டு விட்டு வந்தால் ஜிட்டர். வழியிலேயே ஒழுகிப்போனால் பாக்கெட் லாஸ்.

"லாஸ் ஆனா?"

"பேசறது வெட்டி வெட்டிக் கேக்குமுங்க மாமா. அந்த மாதிரி ஆச்சுன்னா மறுக்கா பெங்களூர்தான்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். மாமியாரும் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் ஈரோட்டில் இருக்கும் தன் தங்கையிடம் போனில், "உன்ற பக்கம் ஜிட்டராகுது, வெளிய வந்து பேசு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் என் மீட்டிங்கில் இருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று பயந்துபோனார்கள்.

சனிக்கிழமை லைன் படுத்துவிட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும். ஒரு படம்கூட முழுதாகத் திறக்கவில்லை. மறுநாள் விட்டால் அந்தத் திங்கட்கிழமை. எனக்குக் கலக்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மொபைலிலிருந்து நெட் எடுத்து, பெங்களூரில் ஆரம்பித்துச் சிங்கப்பூர் வரை ஒவ்வொரு இடமாகச் சோதித்தேன். கடலுக்கடியில் போகும் கேபிளைக்கூட சந்தேகப்பட்டேன். உடுமலை ஃபைபர்காரரைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் கத்தினேன். "எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்குதுங்க மேடம்" என்றார் அவர், அத்தனை திட்டுக்கும் ஒரு 'ங்க' குறையாமல். அந்த மரியாதையே என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

ஞாயிறு மதியம்தான் புத்தி வந்து, மோடத்துக்குள் ஃபைபர் வழியே ஒளி எவ்வளவு வந்து விழுகிறது என்று பார்த்தேன். அடிமட்டத்தில் இருந்தது. அப்படியானால் கோளாறு வீட்டுப் பக்கத்தில்தான். கேபிளைப் பிடித்துக்கொண்டே வெளியே போனேன்.

ஆணியில் தொங்கிய கேபிளில் இப்போது வட்டத்தைக் காணோம். அது நாலாக மடிக்கப்பட்டு, சைக்கிள் டியூப் வாரால் நறுக்கென்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. எங்கள் தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் கடைசி முனையைத் தண்ணீர் ஒழுகாமல் இப்படித்தான் மடித்துக் கட்டுவார்கள்.

"மாமா! இத யாருங்க கட்டுனது?"

"நாந்தான் அம்மணி." முகத்தில் அத்தனை பெருமை. "இத்தன மீதி சும்மா தொங்கிட்டுக் கெடந்துச்சு. ஒழுகுனா லாஸுன்னு நீ சொன்னீல்லொ. அதுல போயி வீணாகுமுன்னு மடிச்சுக் கட்டிப்போட்டேன். நீ மறுக்கா பெங்களூர் போயிட்டீன்னா?"

தொண்டை வரை வந்த கோபம் அந்தக் கடைசிக் கேள்வியில் எங்கே போனதென்று தெரியவில்லை. இதற்குள்ளே இருப்பது முடி கனத்துக் கண்ணாடி இழை மாமா, அதில் போவது வெறும் வெளிச்சம், அது ஒழுகாது, ஆனால் மடித்தால் நின்றுவிடும் என்றேன். பாவம், மனிதர் வெலவெலத்துப்போனார்.

"கண்ணாடியா? அய்யோ, ஒடச்சுப்போட்டனா?"

அது எனக்கும் தெரியாது. உடைந்திருந்தால் திங்கட்கிழமைக்குள் ஒன்றும் செய்ய முடியாது. டியூப் வாரை மெல்ல அவிழ்த்தேன். கேபிளை ஒவ்வொரு மடிப்பாக நீவி அகல வட்டமாக விட்டேன். மாமியார் உள்ளே ஓடி மோடத்தின் முன்னால் நின்றார். பிறகு தோப்பே அதிரும்படி ஒரு குரல் வந்தது.

"பச்சை வந்துருச்சு கண்ணு!"

மாமனார் சுவரைத் தொட்டுக் கும்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் பைத்தியம் பிடித்தவர்களைப் போலச் சிரித்தோம்.

திங்கட்கிழமை ஒரு சொல்கூட வெட்டவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகு மேனேஜர் மட்டும் இருந்தார். "பெங்களூரில் இருப்பவர்களைவிட உன் லைன் நன்றாக இருக்கிறதே, அங்கேயே இரு" என்றார். ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

மாமனார் மோட்டார் ரூம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் பக்கம் காலையில் கொஞ்ச நேரம்தான் மும்முனை கரண்ட் வரும். அதற்குள் தோப்புக்குப் பாய்ச்சினால்தான் உண்டு. அதை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. அன்று குழாய்களெல்லாம் காய்ந்து கிடந்தன.

"மோட்டார் போடலீங்களா மாமா?"

"போட்டா உன்ற லைனுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு உட்டுட்டேன். என்ன சொன்னாங்க?"

மோட்டாருக்கும் ஃபைபருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இங்கயே இருந்துக்கச் சொல்லிட்டாங்க மாமா. ஆனா கரண்டு போயிருச்சுங்களே, தண்ணி?"

அவர் என்னைப் பார்க்காமல் தென்னை மட்டைகளை அண்ணாந்து பார்த்தார்.

"தென்ன ஒரு நாளைக்குத் தாங்கும் அம்மணி. நீ போயிட்டா உங்கத்ததான் தாங்கமாட்டா."