திங்கட்கிழமை எம்.எல்.ஏ.

போன வாரம் ஒரு பட்டா விஷயமாக ஆபீஸ் ஒன்றுக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஏன் சார் வெயில்ல அலையறீங்க? வூட்ல உக்காந்துட்டு போன்லயே ஸ்டேட்டஸ் பாருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நான்கு மாதமாக. 'பரிசீலனையில்' என்று வருகிறது. பச்சை எழுத்தில் வேறு!

திரும்பி வந்திருக்கலாம். ஆனால் வாசலில் ஒரு மர பெஞ்ச் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. போய் உட்கார்ந்துவிட்டேன். வந்து கேட்டவர்களிடம், "என் ஃபைல் இன்னிக்கு எந்த மேசையில இருக்குன்னு சொல்லுங்க, போயிடறேன்" என்றேன்.

சொந்த வசனம் இல்லை. ஒரு எம்.எல்.ஏ.விடம் கற்றது.

எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ரோடு போடுகிற ஆபீஸ் ஒன்றில் கிளார்க். ஊர்ப் பெயர் வேண்டாமே... வயது முப்பது. எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. அந்தத் தொகுதியில் தொடர்ந்து மூன்று தடவை ஜெயித்தவர் அவர். சட்டசபை கூடாத திங்கட்கிழமைகளில், ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு டிபன் பாக்ஸ், ஒரு நோட்டு.

கத்த மாட்டார். மிரட்ட மாட்டார். "மேல்புளியனூர் ரோடு ஃபைல் இன்னிக்கு எந்த மேசையில கீது?" அவ்வளவுதான். பதில் சொன்னால் நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்புவார். சொல்லாவிட்டால் மதியம் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறப்பார்.

கத்துகிற எம்.எல்.ஏ.வைச் சமாளித்துவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கிறவரை என்ன செய்வது? ஆபீஸில் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'திங்கட்கிழமை'தான். "திங்கட்கிழமை வந்தாச்சு" என்று பியூன் குரல் கொடுத்ததும் பாதிப் பேர் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விடுவோம். முதல் ஆள் நான். எனக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. அதற்கு வருகிறேன்.

மேல்புளியனூர் மலை மேலே இருந்தது. போக ஒற்றையடிப் பாதைதான். சாமையும் புளியும் தலைச்சுமையாக இறங்கும். நோயாளிகள் டோலியில் இறங்குவார்கள். டோலி என்றால் வேறொன்றும் இல்லை... மூங்கில் கழியில் புடவையைக் கட்டி, அதில் ஆளைப் படுக்கவைத்து, இரண்டு பேர் தோளில் சுமப்பது.

எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பெருமை உண்டு. மலையூர்களுக்கு அவர் நடந்தேதான் போவார். மேடைக்கு மேடை அதைச் சொல்லவும் செய்வார். மூன்று தேர்தலையும் அந்தக் கால்கள்தான் ஜெயித்துக் கொடுத்தன என்று கட்சிக்காரர்களே சொல்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை பின்வாசலில் என்னைப் பிடித்துவிட்டார். "தம்பி, மேசையில இருந்து பாத்தா மலை தெரியாது. வா, ஒரு நடை போய்ட்டு வரலாம்." கூட வரவேண்டிய ஓவர்சியருக்கு அந்த நிமிடமே முழங்கால் வலி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது நான். மூன்று மணி நேரம் ஏறினோம். என் செருப்பு பாதி வழியில் அறுந்தது. அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

ஊருக்கு நடுவே எல்லோரும் கூடினார்கள். அவர் வழக்கமான பேச்சை ஆரம்பித்தார். "இந்தக் காலு ரெண்டும் இருக்கிற வரைக்கும் உங்க ஊருக்கு நான் நடந்துதான் வருவேன்."

ஓரமாக ஒரு பெண் புளி தட்டிக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு என்று பெயர். நாற்பது வயது இருக்கும். கை வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீங்க நடந்து வர்றதால எங்களுக்கு இன்னாங்க வந்துச்சு? நாங்களுந்தான் நடக்கிறோம்."

யாரோ அவளை அடக்கப் பார்த்தார்கள். அவள் அடங்கவில்லை. "போன ஆடியில எந் தங்கச்சிய பிரசவ வலியோட டோலி கட்டித் தூக்கினு எறங்கினோம். பாதி வழியிலயே போய்ட்டா. வயித்துல இருந்த புள்ளையும் போச்சு. உங்கள கொற சொல்லலங்க. ஆனா அடுத்த தபா ஓட்டு கேக்க வந்தா பஸ்ல வாங்க. நடந்து வராதீங்க."

எம்.எல்.ஏ. பேச்சை அதோடு முடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். அந்தத் தங்கச்சி போன இடம் அதுவாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உளறிவிட்டேன்.

ஒரு ரோடு போட வேண்டுமென்றால் அந்த வழியில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ண வேண்டும். நாங்கள் எண்ணினோம். 'வாகனம் — இல்லை' என்று எழுதினோம். ரோடே இல்லாத இடத்தில் வண்டி எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள். படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது. அதோடு விட்டேனா? என் தமிழைக் காட்ட, கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: 'தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே இப்பாதையில் நடந்து சென்று வருவதால், தற்போதைய பாதையே போதுமானது எனக் கருதப்படுகிறது.'

பெரிய ஆபீஸர் பாராட்டிய குறிப்பு அது. ஃபைல் அதற்குப் பிறகு நகரவே இல்லை.

அவர் நினைத்தால் மறுநாளே என்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றியிருக்கலாம். அவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தினி வருசமா அந்த ரோட்டுக்குக் குறுக்க நின்னது எங் காலுதானா?"

என் பக்கம் திரும்பினார்.

"நீ எழுதினத உன்னால அழிக்க முடியுமா, தம்பி?"

"அழிக்க முடியாதுங்க. அதுக்கு மேல புதுசா ஒண்ணு எழுதலாம்."

"எழுது" என்றார். எழுந்து நடந்தார்.

அடுத்த சந்தை நாளில் நான் மலைப்பாதை முடிகிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். வண்டிகளுக்குப் பதிலாக ஆட்களை எண்ணினேன். படிவத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் நானே போட்டேன்... ஒன்று தலைச்சுமை, இன்னொன்று டோலி. "படிவத்துல இல்லாத கட்டத்தைப் போட நீ யாருய்யா?" என்று ஆபீஸர் குதித்தார். "திங்கட்கிழமை கேப்பாரு சார்" என்றேன். ஜன்னல் வழியாக வாசல் பெஞ்சைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

ஃபைல் நகர்ந்தது. ஆனால் ரோட்டுக்கு முன்னால் தேர்தல் வந்துவிட்டது. கட்சிக்காரர்கள் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். "அண்ணே, ஒரே ஒரு நாள் மலையேறி எறங்கிடுங்க. மேல இருக்கிற ஓட்டு இல்லன்னா கஷ்டம்."

"பஸ் வுடலையே" என்றார். ஏறவே இல்லை.

எதிர்த்து நின்றவர் ஏறினார். நடந்துதான் ஏறினார். போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டார். ஜெயித்தார்.

எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. என் ஒரு குறிப்பு ஒரு மனிதரின் பதவியையே சாப்பிட்டுவிட்டதே! அடுத்த திங்கட்கிழமை பெஞ்ச் காலியாகத்தான் இருக்கும், அதைப் பார்க்க வேண்டாம் என்று வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். மஞ்சள் பை. டிபன் பாக்ஸ். நோட்டு.

"எம்.எல்.ஏ. பதவிதானே போச்சு? திங்கட்கிழமை போவலையே" என்றார். "ஃபைல் எந்த மேசையில கீது?"

எண்பதுகளின் தொடக்கத்தில் ரோடு வந்தது. பிறகு பஸ்ஸும் வந்தது. புது எம்.எல்.ஏ. மாலை போட்டுக் கொடியசைத்தார். பழையவருக்கு அழைப்பு இல்லை. அவர் அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் ஜனங்களோடு முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தார். நான் லீவு போட்டுவிட்டு அவர் கூட இருந்தேன். டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். எத்தனையோ வருடம் அந்த மலையை நடந்து ஏறிய மனிதருக்கு முதல் வளைவிலேயே தலை சுற்றிவிட்டது. என் தோளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டுதான் மேல்புளியனூர் போய்ச் சேர்ந்தார்.

பஸ்ஸைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. கூட்டத்தில் சின்னப்பொண்ணும் நின்றாள். இவர் தடுமாறி இறங்கி, நேராக அவளிடம் போய் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"பஸ்ல வந்துட்டேம்மா."

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ கேளுங்க ஓட்டு" என்றாள்.

"இப்போ ஏதும்மா எலக்ஷன்? தல சுத்துது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு, போதும்."

"கொஞ்சம் குந்துங்க. கீழ ஓடைக்குப் போய்ட்டு எடுத்தாரணும்."

குடத்தை எடுத்துக்கொண்டு அவள் சரிவில் இறங்கிப் போனாள். அவள் தலை மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சள் பைக்குள் கையை விட்டு நோட்டை வெளியே எடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் பெஞ்ச் காலி. பியூனுக்கே கவலையாகிவிட்டது. நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் குடிநீர் ஆபீஸ். அதன் வாசலிலும் ஒரு பெஞ்ச் உண்டு. அதில் இருந்தார். அடுத்த தேர்தலில் அவர் ஜெயித்த பிறகும் அங்கேதான் இருந்தார், மேல்புளியனூரில் குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

என் பட்டாவா? மாலை நான்கு மணிக்கு அந்தத் தம்பியே வெளியே வந்து, "மூணாவது மேசையில இருக்கு சார்" என்றார். குறித்துக்கொண்டேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தாயிற்று.