பட்டை அணிவித்ததாக நான் எழுதிய கடிதம்

நாய் பிடிக்க வருகிறார்கள் என்ற அறிவிப்பை எங்கள் தாமான் குடியிருப்பின் முகப்புப் பலகையில் படித்தபோது எனக்கு முதலில் பட்டது, அதில் மேற்கோள் எண் விடுபட்டிருக்கிறது என்பதுதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் மாவட்ட மன்றத்தின் உரிமப் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு வேறு எப்படிப் படும். இரண்டாவதாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாய் நினைவுக்கு வந்தது.

பிடிக்க வருவது இரண்டு வாரம் கழித்து, புதன்கிழமை காலை. கழுத்தில் பட்டையும் உரிம வில்லையும் இல்லாத எந்த நாயும் உரிமையாளரற்ற நாயாகக் கருதப்படும். அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மலாயிலிருந்து அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். சுருக்கமாக, தெளிவாக இருக்கிறது என்று அன்று மேலதிகாரி பாராட்டினார். பிடிபட்ட நாய்க்கு என்ன ஆகும் என்பதற்கும் ஒரு படிவம் உண்டு. அதன் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் நிரப்புவோம்.

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கிறது எங்கள் தாமான். தோட்டத்துத் தொழிலாளர்களின் லய வீடுகளை இடித்த பிறகு குடும்பங்கள் இங்கும் பக்கத்து நகரான ரவாங்கிலும் குடியேறின. நாய்கள் இடிந்த இடத்திலேயே தங்கிவிட்டன. அவற்றுள் ஒன்று, கறுப்பு உடலும் பழுப்புக் கால்களும் கொண்ட பெட்டை, என் மனைவி மீன் கழுவும் நேரத்தைக் கணித்துக்கொண்டு பின்வாசல் சாக்கடையைத் தாண்டி வரத் தொடங்கியது. எட்டு மாதமாக எங்கள் காருக்கு அடியில்தான் பகல் தூக்கம். ஆனால் கை எட்டும் தூரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அதன் கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு மயிர் முளைக்காத ஒரு வளையம் இருந்தது. அது என்ன தழும்பு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய் பிடிப்பவர்களின் ஆறடிக் கம்பின் நுனியில் கம்பிச் சுருக்கு. கழுத்தில் விழுந்ததும் இழுக்க வேண்டும். எங்கோ ஒரு முறை மாட்டி, எப்படியோ தப்பியிருக்கிறது. அந்தக் கம்பை வாங்கும் கோப்பு ஒரு காலத்தில் என் மேசைக்கு வந்தது. துருப்பிடிக்காதா என்று ஒரு கேள்வி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அதற்கு மேல் கேட்க எனக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை.

"ரூல்ஸ் எல்லாம் தெரிஞ்ச ஆளுதானே நீங்க. இதுக்கு ஒரு வழி பாருங்க," என்றாள் மனைவி.

உரிமம் வாங்க ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. எந்தப் படிவத்தை எந்த முகப்பு மேசையில் எந்த வரிசையில் நீட்ட வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பத்தரை மணிக்கு வில்லை என் சட்டைப் பையில் இருந்தது. வழியில் சிவப்பு நைலான் பட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டேன். காகிதத்தில் அந்த நாய் அன்றே முழுமை பெற்றுவிட்டது. மிச்சமிருந்தது கழுத்து ஒன்றுதான்.

அன்று மாலை ஒரு கையில் பிஸ்கட்டும் மறு கையில் பட்டையுமாகப் போய் அதை அழைத்தேன். வாலை உயர்த்தி விறைப்பாக ஆட்டியது. வால் ஆடினால் சம்மதம் என்று ஊரே நம்புகிறது, நானும் நம்பினேன். குனிந்து கழுத்துக்கு மேலே கையைக் கொண்டுபோனேன். அடுத்த நொடி என் சட்டைக் கையில் இரண்டு ஓட்டைகள். நாய் சாக்கடைக்கு அப்பால் நின்றது.

பின்சந்துக்கு எதிர்வீட்டுப் பெண் துணி காயப்போட்டபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ரவாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தோட்டத்தில் விட்டுவிட்டுப் போன நாய்களில் மூன்றைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறாள். மூன்றும் பட்டையோடு திரியும்.

"அது ஒங்கள கடிக்கலண்ணே. சட்டையத்தான் கடிச்சுச்சு. தோல வேணும்னே விட்டுருச்சு," என்றாள்.

"வாலை ஆட்டிக்கொண்டுதானே இருந்தது?"

"வாலையே பாக்காதீங்க. மூஞ்சிய பாருங்க. கொட்டாவி விட்டுச்சு, ஒதட்ட நக்குச்சு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்புச்சு, கண்ணுல வெள்ள தெரிஞ்சுச்சு. நாலு தடவ வேணாம்னு சொல்லிருச்சு. நீங்க காதுலயே வாங்கல. கவுண்டர்லயும் இப்படித்தான் இருந்தீங்க. நான் அப்ப வெக்க இருந்த கட லைசன்சுக்கு எத்தன தடவ நடக்க விட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

நினைவில்லை என்றேன். அவளுக்கு இருந்தது.

இருந்தாலும் சொல்லித் தந்தாள். பட்டை நாயிடம் போகக்கூடாது, நாய்தான் பட்டையிடம் வர வேண்டும். முதலில் பட்டையைத் தரையில் போட்டு, பக்கத்தில் அவித்த கோழி ஈரலை வைக்க வேண்டும். பட்டை தெரியும்போது ஈரல் வரும், பட்டையை எடுத்தால் ஈரலும் போய்விடும். பிறகு பட்டையைப் பெரிய வளையமாக விரித்துப் பிடித்து, வளையத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஈரலைக் காட்ட வேண்டும். மூக்கு தானாக நுழையட்டும். கை அசையவே கூடாது. எதிரே நின்று குனியாமல் பக்கவாட்டில், முடிந்தால் உட்கார்ந்து. கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது. கடைசியாகத்தான் கிளிப். அந்த 'டிக்' சத்தத்தைத் தனியாகப் பழக்க வேண்டும். கழுத்தில் ஒன்று இறுகுகிற சத்தம் அதற்கு ஏற்கெனவே தெரியும் என்றாள்.

"எத்தனை நாள் ஆகும்?"

"அத நாய்கிட்ட கேளுங்க."

நான் நாள்வாரியாக ஓர் அட்டவணை போட்டேன். என் மனைவி அந்தத் தாளில் மீன் தலையைச் சுற்றிவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், வேலை நடந்தது. முதல் மூன்று நாள் நாய் பட்டை கிடந்த இடத்தைச் சுற்றி வளைந்து போனது. நான்காம் நாள் பட்டையின் மேல் மூக்கை வைத்து ஈரலைத் தின்றது. ஐந்தாம் நாள் நான் பிளாஸ்டிக் முக்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து வளையத்தைப் பிடித்திருந்தேன். முழங்கால் மரத்துப்போகும் வரை அது யோசித்தது. பிறகு மூக்கை நீட்டியது. கொட்டாவி வந்தால் வளையத்தைக் கீழே வைத்துவிடுவேன். இரண்டு நிமிடத்தில் அதுவே திரும்பி வரும். வேண்டாம் என்று சொன்னவுடன் நிறுத்தப்படும் என்று தெரிந்த பிறகு, அது வேண்டாம் என்று சொல்வதே குறைந்தது. எட்டாம் நாள் காது வரைக்கும் உள்ளே வந்தது.

அங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. அலுவலகத்தில் ஒரு கோப்பு முக்கால்வாசி நகர்ந்துவிட்டால் 'முடிந்தது' என்று எழுதி மூடிவிடுவோம். மிச்சத்தைச் செயல் பின்னால் வந்து எட்டிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பிடித்தும் விடும். புதன்கிழமைக்குள் என் வீடு, அவர்கள் நாய் பிடிக்கப் போகும் வீடுகளின் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும் என்று எண்ணி, உரிம எண்ணைக் குறிப்பிட்டு, பட்டையும் வில்லையும் அணிவிக்கப்பட்டுள்ளன என்று மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வந்தேன். நல்ல கடிதம். ஒரு பிழை இல்லை, பொய் ஒன்றைத் தவிர.

எழுதியாகிவிட்டது, இனி நடக்க வேண்டுமே. அன்று மாலை காது உள்ளே வந்ததும் கையை நகர்த்தினேன். கிளிப்பை அழுத்தினேன். அது இன்னும் பழகாத சத்தம். நாய் காற்றில் எழும்பியதை மட்டும் பார்த்தேன். பாதி மாட்டிய பட்டையோடு பின்கேட்டில் மோதி, சாக்கடையில் விழுந்து எழுந்து, செம்பனை மரங்களுக்குள் போய்விட்டது. பட்டையைச் சாக்கடையிலிருந்து எடுத்தேன். வில்லை அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் கடிதத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"கடுதாசி நாய்க்கு எழுதினீங்களாண்ணே? அதுக்குப் படிக்கத் தெரியாதுலா."

மூன்று நாள் அது வரவில்லை. என் மனைவி என்னைத் திட்டவில்லை. மீனைக் கழுவிவிட்டுத் தண்ணீரை வழக்கத்தைவிட மெதுவாக ஊற்றினாள், அவ்வளவுதான். நான்காம் நாள், திங்கட்கிழமை, சாக்கடைக்கு அப்பால் ஒரு கறுப்புத் தலை தெரிந்தது. நான் பட்டையை வெளியிலேயே எடுக்கவில்லை. ஈரலை வைத்துவிட்டு உள்ளே போனேன். செவ்வாய் மாலை காருக்கு அடியில் வந்து படுத்தது. பட்டையைத் தரையில் போட்டேன். பார்த்தது. தொடவில்லை. முதல் நாள் எங்கிருந்தோமோ அங்கே வந்து நின்றோம். புதனுக்கு ஓர் இரவு மிச்சம்.

காலை எட்டு மணிக்கு லோரி எங்கள் வீட்டு வரிசைக்குள் திரும்பியது. பின்னால் கூண்டு. அதில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். ஒன்று ஓயாமல் ஒரே சுரத்தில் ஊளையிட்டது. எங்கள் நாய் காருக்கு அடியில் எழுந்து நின்றது, முதுகு காரின் அடித்தகட்டில் இடித்தது.

இறங்கிய அதிகாரி எனக்குத் தெரிந்தவன். பணியில் சேர்ந்த புதிதில் என் மேசைக்கு எதிரே ஆறு மாதம் உட்கார்ந்து வேலை கற்றவன்.

"சார், சௌக்கியமா? ஒங்க வீட்ட லிஸ்ட்லேருந்து எடுத்தாச்சு. ஒங்க கடுதாசி வந்துச்சு." அவன் பார்வை காருக்கு அடியில் போனது. "இது யாரோட நாய் சார்?"

நான் பதில் சொல்வதற்குள் கம்புடன் ஓர் ஆள் கேட்டருகில் வந்தான். இன்னொருவன் பின்சந்துக்குப் போனான். அது அவர்கள் முறை. முன்னால் விரட்டினால் பின்னால் சுருக்கு காத்திருக்கும்.

"எஞ்ஜின அடைக்கச் சொல்லு. கம்ப கீழே வைக்கச் சொல்லு. பத்து நிமிஷம் குடு," என்றேன்.

"சார், இன்னும் நாலு வரிச இருக்கு."

"எஞ்ஜின அடைக்கக் கூடாதுன்னு எந்தச் சுற்றறிக்கையிலயும் இல்ல."

அவன் கையைக் காட்டினான். எஞ்ஜின் நின்றது. கம்பு கேட்டுச் சுவரில் சாய்ந்தது.

நான் முக்காலியை எடுத்துப் போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். வளையத்தை விரித்தேன், ஈரலைக் காட்டினேன். நாய் வயிற்றைத் தரையில் உரசிக்கொண்டு பாதி வெளியே வந்தது. வளையத்துக்கும் மூக்குக்கும் அரை அடி. என் விரல்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தது. கையை அரை அடி நகர்த்தினால் போதும். வில்லை கழுத்தில் இருக்கும், கடிதம் உண்மையாகிவிடும்.

அது கொட்டாவி விட்டது. உதட்டை நக்கியது. தலையைத் திருப்பியது.

பின்சந்தில் இருந்தவனின் செருப்புச் சத்தம் கேட்டது. இப்போது திடுக்கிட்டால் நேராக அவனிடம்தான் ஓடும். வளையத்தை மெல்லத் தரையில் வைத்தேன். ஈரலை அதற்குள் போட்டேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். நாய் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது, நடுங்கிக்கொண்டு.

"மாட்டலயா சார்?" அதிகாரி தணிந்த குரலில் கேட்டான். கையில் கோப்பு. "எனக்குச் சங்கடமா இருக்கு. ஒங்க கடுதாசிப்படி ஒங்க நாய் காலர் போட்டிருக்கு. இது போடல. அப்ப இது ஒங்க நாய் இல்ல, வேற நாய். நான் பிடிச்சுத்தான் ஆகணும்."

தர்க்கத்தில் குறையே இல்லை. நான் வளர்த்த பிள்ளை.

"என் நாய் இதுதான். கடுதாசிதான் பொய்," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. கேட்டருகில் நின்ற ஆளுக்குப் புரிந்துவிட்டது, வேறு பக்கம் பார்த்தான். அக்கம்பக்கத்துக் கேட்டுகளிலும் ஆட்கள் நின்றார்கள். தாமான் சங்கத்தில் வரவேற்புரை முதல் புகார்க் கடிதம் வரை என்னிடம்தான் எழுதி வாங்குவார்கள்.

"மாட்டாமலே மாட்டினதா எழுதிட்டேன். உரிமம் இருந்தும் பட்டை போடாதது உரிமையாளர் குற்றம். உரிமையாளர் நேர்ல நின்னு ஒப்புக்கிட்டா ஆள் மேலதான் நடவடிக்க, நாய் மேல இல்ல. ஒனக்குத் தெரியும், நான்தான் சொல்லிக் குடுத்தேன். என் பேர்ல எழுது. பொய்யான தகவல் குடுத்ததையும் எழுது."

"சார், வேணாம் சார். கடுதாசி ரெக்கார்டுல இருக்கு. ஒங்க கையெழுத்துன்னா நாங்க திருப்பிப் பாக்குறதே இல்ல."

"இனிமே பாருங்க."

அவன் எழுத நெடுநேரம் எடுத்துக்கொண்டான். நான் முக்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் நாய் கலையும். அதனால் அவனே உள்ளே வந்து, குனிந்து, என் மடியில் படிவ அட்டையை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். என் பெயருக்கு நேரே 'குற்றம் புரிந்தவர்' என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சொல்லையும் யாரோ மலாயிலிருந்து தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளை, நானில்லை.

பின்சந்து ஆளை முதலில் கூப்பிட்டுக்கொண்டார்கள். லோரியை எஞ்ஜின் போடாமல் சரிவில் கொஞ்சம் உருள விட்டு, முனைக்குப் போன பிறகுதான் கிளப்பினார்கள். அதை நான் கேட்கவில்லை, அவனாகவே செய்தான். சத்தம் முற்றிலும் அடங்கிய பின் நாய் எழுந்து வந்தது. பட்டைக்குள் மூக்கை விட்டு ஈரலை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனது. என் மனைவி சன்னலிலிருந்து, "கைய மடியிலேயே வெச்சிருங்க," என்றாள். வைத்திருந்தேன்.

பட்டை ஏறியது அதிலிருந்து பத்தொன்பதாம் நாள். கிளிப் 'டிக்' என்றது. நாய் ஒரு முறை உடலை உதறிவிட்டு அடுத்த ஈரல் துண்டுக்கு வாயைத் திறந்தது.

மன்றத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் பேச்சைப் பதிவு செய்ய முடியாது, முன்பு தவறான தகவல் தந்தவர் என்றால் அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். சரியான நடைமுறை. மறுநாள் அவன் வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே பக்கவாட்டில் நின்று, கழுத்திலிருந்த வில்லையின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்துக்கொண்டான். மிச்சமிருந்த ஈரலை, நாய்க்கு வைக்கச் சொல்லி, அவன் கையில் கொடுத்தேன்.