பல் வைத்த இலை

இருபது வருடமாகச் செம்பட்டியில் கீரை விற்கும் பொன்னழகு, கூச்சல் கேட்டு ஒரு வீட்டுக்குள் ஓடினாள். அவள் விற்ற சிறுகீரையைச் சாப்பிட்ட அந்த வீட்டு மருமகள் கண் விரியப் பிதற்றிக்கொண்டிருந்தாள். பேய் பிடித்துவிட்டதாம், வைத்தியம் என்ற பெயரில் அந்தப் பெண்ணை வேப்பிலையால் விளாசினார்கள்.

அடுக்களையில் சமைக்காமல் மீந்திருந்த கீரைக்கட்டைப் பொன்னழகு பிரித்துப் பார்த்தாள். சிறுகீரை இலையின் ஓரத்தில் வெட்டு இருக்காது. உள்ளே கலந்திருந்த ஓர் இளம் இலையிலோ ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. ஊமத்தை! சொன்னால் தனக்கு அடி. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சாவு.

“பேயில்லத்தா, ஊமத்தை! ஆசுபத்திரிக்குத் தூக்குங்க!” என்று கத்தினாள்.

“அப்ப வெசம் வச்சவ நீதானாடி?” மாமியார் அவள் கொண்டையைப் பற்றினாள்.

“நான் பறிச்சதுதேன். பெறகு அடிங்க, மொதல்ல ஆட்டோவக் கூப்புடுங்க!”

டாக்டரிடம் காட்ட அந்த இலையை முந்தானையில் முடிந்துகொண்டு, வந்து நின்ற ஆட்டோவில் முதல் ஆளாக ஏறினாள் பொன்னழகு.