படலையடியில் ஊற்றிய தண்ணீர்

ஆறு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், தொண்டைமானாற்றுப் பாலத்துக்குக் கிட்ட இது நடந்தது. அப்போது எங்கள் மகளுக்குப் பத்து மாதம். கொக்குவிலில் இருந்தோம்.

என் கணவரிடம் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. லண்டனுக்குப் போன ஒருவர் விட்டுப் போனது. அதன் எஞ்சின் பழுதாகி, சாமான் எங்கும் கிடைக்காததால், உடைந்த வான் வண்டி ஒன்றின் எஞ்சினை வாங்கிப் பூட்டினார். கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பத்துப் பன்னிரண்டு மைல் போனதும் கொதிக்கும். விசிறியை மாற்றினார். தண்ணீர்ப் பம்பை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். சில நாள் ஒன்றும் நடக்காது, சில நாள் ஆவி பறக்கும். ஒருமுறை சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்ததில், அவருடைய வலது மணிக்கட்டு வெந்துபோனது.

காருக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது நான். மகள் பால் குடித்த நேரம், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். எதையாவது தவறவிட்டுவிடுவேனோ என்ற பயம். அந்தக் கொப்பியின் ஓரத்தில் கார் கொதித்த நாட்களையும் குறித்து வந்தேன். வளவுக்குள், கிணற்றடியில் நிறுத்தித் தண்ணீர் விட்ட நாட்களில்தான் கொதித்தது. வாசல் படலையடியில், முன் சில்லுகள் றோட்டு மேட்டில் ஏறி நிற்கத் தண்ணீர் விட்ட நாட்களில் கொதிக்கவில்லை. ஐந்து முறை அப்படி. ஆனாலும் எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவருடைய கைக்கு மருந்து கட்டும்போதும் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

அன்று சந்நிதிக் கோயிலில் மகளுக்கு முடி இறக்க வேண்டும். அவசரத்தில் அவர் கிணற்றடியிலேயே தண்ணீர் விட்டார். வாளியை நீட்டியவள் நான். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பாலத்துக்குக் கிட்ட வந்ததும் முன்மூடியின் கீழிருந்து ஆவி கிளம்பியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஒரு பூவரசின் கீழ் நின்றேன்.

அருகே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்தார். என் கணவரின் வயதுதான் இருக்கும்.

"அண்ணை, இது காரோ, தேத்தண்ணிக் கேத்திலோ?"

என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இனி நீயும் பிள்ளையும் இதிலை ஏற வேண்டாம். திரும்பிப் போகேக்கை பஸ்ஸிலை போங்கோ. நான் நிண்டு நிண்டு தண்ணி விட்டுக் கொண்டு வாறன். அடுத்த கிழமை வித்துப்போடுவம்" என்றார்.

நான் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தேன். போகும் வழியெல்லாம் அந்தக் கையால்தான் மூடியைத் திறப்பார்.

"இப்ப திறக்காதேங்கோ. கோயிலுக்குப் போட்டு வாங்கோ, அதுக்குள்ளை ஆறிவிடும்" என்றார் வலைக்காரர்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மகளோடு நாங்கள் திரும்பி வந்தபோது, வலைக்காரர் குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை வள்ளத்திலையும் லொறி எஞ்சின்தான் பூட்டியிருக்கு. பைப்பிலை காத்து நிண்டா தண்ணி ஓடாது. நீங்கள் தண்ணி விடேக்கை கார் எப்பிடி நிண்டது?"

"எப்பிடி எண்டா? கார் நிக்கிற மாதிரித்தான்."

என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "கிணத்தடியிலை வைச்சுத் தண்ணி விட்டாத்தான் கொதிக்கிறது. படலையடியிலை, முன்பக்கம் உயர்ந்து நிக்க விட்டாக் கொதிக்கிறேல்லை."

என் கணவர் திரும்பினார். "உதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"பிழையாயிருந்தா எண்டு..."

"பிழையாயிருந்தா என்ன அக்கா, இன்னொருக்காக் கொதிச்சிருக்கும். அவ்வளவுதானே" என்றார் வலைக்காரர். பிறகு கையால் அளந்து காட்டினார். "எஞ்சின் உயரம், ரேடியேட்டர் மூடி அதுக்குக் கீழை, பதிவு. சமமா நிண்டா காத்து எஞ்சினுக்குள்ளை அடைபட்டுக்கிடக்கும். முன்பக்கத்தைத் தூக்கினா மூடி மேலை வரும், காத்து வெளியாலை போகும்."

பாலத்துக்கு ஏறும் சரிவில் அவர்கள் இருவரும் காரைத் தள்ளி, முன்பக்கம் உயர நிறுத்தினார்கள். நான் சில்லுக்குக் கல் வைத்தேன். பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற, ரேடியேட்டர் வாயில் கொளகொளவென்று குமிழி வந்தது. நிரம்பிவிட்டது என்று நினைத்த பிறகும் இன்னும் அரை வாளி பிடித்தது.

என் கணவர் பஸ் வரும் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏறுறியோ?"

"ஓம்" என்றேன். வீடு வரும்வரை சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது நடுவைத் தாண்டவில்லை.

பிறகு எஞ்சினைவிட உயரத்தில், மூடியோடு ஒரு சின்னத் தகரத் தண்ணீர்த் தொட்டி பூட்டி, அந்தக் குறையை அவர் அடியோடு தீர்த்துவிட்டார். கார் இன்னும் ஓடுகிறது. அவருடைய மணிக்கட்டில் அந்த வெள்ளைத் தழும்பும் இருக்கிறது. ஏதாவது சொல்ல வந்து, பிழையாகிவிடுமோ என்று நான் தயங்கும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்க்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறேன்.