ஈரல் கொடுக்க வந்தவர்கள்

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. நான் ஏழாவதோடு நின்றவள். நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கவே கூச்சம். ஆனால் உங்கள் வீட்டிலும் யாராவது படுத்துக் கிடந்தால், நீங்களும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தானே, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எல்லாரும் கேட்கும் கேள்வி

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி சத்தமில்லாமல் பல வருஷம் இருந்து ஈரலைத் தின்றுவிட்டது. வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர். இறந்தவர் யாரிடமிருந்தாவது வரும்வரை காத்திருக்கலாம். இல்லாவிட்டால் சொந்தத்தில் ஒருவர் தன் ஈரலில் பாதியைக் கொடுக்கலாம், அது திரும்ப வளர்ந்துவிடும் என்றார்.

நூம்பலில் எங்கள் தெருவுக்கு இதெல்லாம் புரியுமா? வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி அவர் வாசலில் உட்கார்ந்திருந்தால், போகிறவர் வருகிறவர் எல்லாம் “ரொம்பக் குடிப்பாரோ?” என்றுதான் கேட்டார்கள். டீ தவிர எதையும் தொடாத மனுஷர். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரரிடம் அவரே சொல்லிவிட்டார்: “அண்ணாத்தே, இப்டிப் பேர் வாங்குவேன்னு தெரிஞ்சிருந்தா ஒரு குவாட்டராச்சும் அட்ச்சிருப்பேன்.”

என் அளவு

முதலில் நான்தான் போனேன். ரத்த குரூப் சேர்ந்தது, வயசும் சின்ன வயசு, வியாதியும் இல்லை. என் பெண் அப்போதுதான் பால்வாடிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு பயமில்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். என் ஈரலே சின்னதாம். அதில் பாதி என் வீட்டுக்காரர் உடம்புக்குப் பத்தாதாம். அவ்வளவு பெரிய உடம்பின் வேலையைச் சின்னத் துண்டு தாங்காமல் நின்றுபோகுமாம். முழுசாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். எழுந்து வந்துவிட்டேன். வெளியே பெஞ்சில் ஆவடி தனம் அக்கா இருந்தார். அவருடைய அண்ணனுக்கும் இதே வியாதி. விஷயத்தைக் கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்: “இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்தவங்ககூட ஒல்லியா கீறேன்னு உன்ன வேணான்னு சொல்லல, டாக்டரு சொல்ட்டாரே!”

சூப்பு

அடுத்தது கொழுந்தனார் சேகர். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறார். கேட்பதற்கு முன்பே, “எங்கண்ணனுக்கு நான் குடுக்காம எவன் குடுப்பான் அண்ணி?” என்றார். ரத்தம் சேர்ந்தது, கிருமியும் இல்லை, நல்ல வாட்டசாட்டம். ஸ்கேனுக்கு மட்டும் ஒரு மாசம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள்.

கொடுக்கிறவன் தெம்பாக இருக்க வேண்டாமா? மாமியாரும் சேகர் மனைவி மலரும் பிள்ளைத்தாய்ச்சியைக் கவனிப்பது போலக் கவனித்தார்கள். ஈரலுக்கு ஈரல் என்று காலையில் ஆட்டு ஈரல் வறுவல். மத்தியானம் கோழி, ராத்திரி நெய்ச்சோறு. வேனை வேறு ஆளிடம் விட்டுவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொண்டுபோனது நான்.

ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கொழுப்பு. முன்னாடியே கொஞ்சம் இருந்திருக்கும், இப்போது ஏறிவிட்டது என்றார் டாக்டர். அப்படிப்பட்ட ஈரல் வைத்த இடத்தில் சரியாக வேலை செய்யாது, கொடுப்பவருக்கும் ஆபத்து. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். மலர் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்: “நான் ஈரல் குடுக்க ஆள் கேட்டேன், நீங்க நேர்ந்துவிட்ட கடாவை வளர்க்கிற மாதிரி வளர்த்துக் கொண்டுவந்திருக்கீங்களேம்மா!”

மத்தியானம் வந்த போன்

சேகர் உடம்பைக் குறைக்க ஆரம்பித்த சமயம், ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். இறந்தவர் ஒருவருடைய ஈரல் வருகிறது, உங்கள் வீட்டுக்காரரைப் பட்டினியாக அழைத்து வாருங்கள் என்றார்கள். ஆட்டோவில் அவர் என் கையை விடவே இல்லை.

போனால், அங்கே தனம் அக்காவும் அண்ணனோடு உட்கார்ந்திருக்கிறார். ஒருவருக்குச் சேராவிட்டால் அடுத்தவருக்கு என்று இரண்டு பேரைக் கூப்பிடுவார்களாம். தினம் ஒரே டப்பாவில் சாப்பிட்ட நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு முகம் பார்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் டாக்டர் வந்து, கொடுத்தவர் வயசானவர், மெஷினில் பல நாள் இருந்தவர், ஈரல் கெட்டிப்பட்டிருக்கிறது, யாருக்கும் வைக்க முடியாது என்றார். தனம் அக்கா நகர்ந்து என் பக்கத்தில் வந்தார்: “உன் வூட்டுக்காரருக்குக் கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினேன்மா. ரெண்டு பேருக்குமே இல்லன்னுட்ச்சு. சாமி நியாயமாத்தான் கீது.”

பாதியான ஆள்

சேகர் தினம் விடிந்ததும் வேலப்பன்சாவடி வரை நடந்தார். நெய், எண்ணெய், கறி எல்லாம் நிறுத்தினார். வேன் ஸ்டாண்டில் “இன்னா மாமே, புது லவ்வா?” என்று ஓட்டினார்கள். பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனது. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது டாக்டரே கை கொடுத்தார். கொழுப்பு போய்விட்டது, அருமையான ஈரல் என்றார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அந்த வாரமே என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் சேர்ந்திருந்த தண்ணீரில் கிருமி பிடித்தது. ரத்தத்தில் ஏறியது, கிட்னியும் நின்றது. இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது என்றுவிட்டார்கள். அவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் சேகரைப் பார்த்து, அண்ணன் போன ஏக்கத்தில் ஆளே பாதியாகிவிட்டான் என்றார்கள். காரியம் முடிந்து கறிச்சோறு போட்ட அன்று மலர் கரண்டியோடு குனிந்தாள். சேகர் இலையைக் கையால் மறைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “இனிமே யாருக்கோசரம் கொறைக்கிறேன்னு தெரியல அண்ணி, ஆனா எறங்க மாட்டேங்குது.”

எங்கள் குடும்பத்தில் இப்போது டாக்டரே மெச்சிய நல்ல ஈரல் ஒன்று தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.