‘வாரேன்’ படுத்திய பாடு

பினாங்கில் மருந்தே கொடுக்காத டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். வெள்ளைக்காரி. பிள்ளைக்குச் சீக்கென்று போனால், அதன் கையில் மரப்பொம்மைகளைக் கொடுத்துவிட்டு, பெற்றவர்களை எதிரே உட்காரவைத்துக் குடும்பக் கதையைக் கேட்கிறார். அதற்குப் பீஸும் உண்டு. நம் ஊரில் அடுத்தவர் குடும்பக் கதையை எல்லோரும் இனாமாகவே கேட்பார்கள்.

எங்கள் மகள் வள்ளியம்மைக்கு ஒன்பது வயது. ஊரிலிருந்து வந்து கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து, இங்கே கடை வைத்திருக்கும் தன் அப்பச்சியிடம், அதாவது தகப்பனாரிடம், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் வாய் ஓயாது. அவர் தலையைக் கண்டால் ஊமை. திருமயம் பக்கத்து எங்கள் ஊரில் என்றால் பயந்த கோளாறு என்று மந்திரித்திருப்பார்கள். பூசாரியும் இப்படித்தான் கேள்விமேல் கேள்வி கேட்பார். டாக்டரம்மா வேப்பிலையால் அடிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“அடுத்த கப்பலுக்குள்ள அவ வாயத் தொறக்கலைன்னா, ஒங்க ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்திவிட்டுருவேன்” என்று என் கணவர் சொல்லிவிட்டார். கல்யாணமான நாள்முதல் நான் அவரோடு சேர்ந்தாற்போல் குடித்தனம் நடத்தியது இந்தச் சில மாதங்கள்தான். அதுவும் போய்விடுமோ என்றுதான் இருவரையும் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு வந்தேன்.

போன தடவை ஊரிலிருந்து கிளம்பும்போது மகளிடம் என்ன சொன்னீர்கள் என்று டாக்டரம்மா என் கணவரைக் கேட்டார். அங்கே குமாஸ்தா வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

“என்னத்தச் சொல்றது? வாரேன்னேன்” என்றார் இவர்.

கிராணி அதை அட்சரம் பிசகாமல் இங்கிலீஷாக்கினார். டாக்டரம்மா விழித்தார்.

“வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஏன் வரேல்லை எண்டு டாக்டரம்மா கேக்கிறா” என்றார் கிராணி.

இவருக்கு வந்ததே கோபம்! “போறேன்னா சொல்லுவாக? சாகப்போறவனா நானு?”

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவரை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பியபின், ஐந்து வயது வள்ளியம்மை சாப்பாட்டுக்கு உட்கார மறுத்தாள். “அப்பச்சிக்கும் எலை போடுங்க ஆத்தா. வாரேன்னு சொன்னாக” என்றாள். வீடே சிரித்தது. பல நாள் அந்த இலையைப் போட்டுப் போட்டு எடுத்தோம். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சமர்த்து, மறந்துவிட்டாள் என்று மெச்சிக்கொண்டோம்.

வள்ளியம்மை பொம்மையைக் கீழே வைத்தாள். அவரை நேராகப் பார்த்தாள்.

“போறதுன்னா போறேன்னு சொல்லுங்க, அப்பச்சி.”

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கிராணி இங்கிலீஷாக்க மறந்து நின்றார்.

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று, தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். கசப்புக் கொயினா மாத்திரையை விழுங்கியவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, “போறேன்” என்றார்.

“போயிட்டு வாங்க” என்றாள் மகள்.

இப்போது தினமும் இந்தக் கூத்துதான். கப்பல் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் என்றைக்காவது நானும் ஊருக்குக் கப்பலேறத்தான் வேண்டும். அன்று துறைமுகத்தில் நின்று இந்தப் பினாங்கைப் பார்த்து என்ன சொல்வது? வாரேன் என்றால் வள்ளியம்மை விடமாட்டாள். போறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.