மான் சுடாதவன் விற்ற பைனாகுலர்கள்

வேட்டைக்காரருக்கு பைனாகுலர் விற்பது சுலபம். அவரிடம் ஏற்கனவே இருக்கும் பைனாகுலரைவிட இது நல்லது என்று சொல்வதுதான் ஆபத்து. கடையில் நின்று ஏதாவது ஒரு சாமானை விற்றுப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் சென்னையிலிருந்து ஒளியியல் கருவிகள் பற்றிப் படிக்க ஹம்பேர்க் போனவன். படிப்பு முடிந்ததும், அறுபதுகளின் கடைசியில், வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை கிடைத்தது. துப்பாக்கிகளை முதலாளி ஹெர் லூடர்ஸ் பார்த்துக்கொள்வார். பைனாகுலர்கள் இருந்த அலமாரி என் பொறுப்பு.

எத்தனை மான்?

முதல் வாரமே ஒரு வன அதிகாரி வந்தார். காலடியில் குட்டைக்கால் நாய். ஜெர்மனியின் பெயர் பெற்ற இரண்டு கம்பெனிகளின் பைனாகுலர்களை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அவற்றைத் தொடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதுவரை எத்தனை மான் சுட்டிருக்கிறாய் என்று கேட்டார்.

ஒன்றுகூட இல்லை, நான் பிறந்ததிலிருந்து மாமிசமே சாப்பிட்டதில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து முதலாளி இருமுவது கேட்டது. வன அதிகாரி சற்று யோசித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்படியானால் உங்களிடம்தான் வாங்க வேண்டும். மற்ற கடைகளில் நான் பைனாகுலரைப் பற்றிக் கேட்டால், அவர்கள் சுட்ட மானைப் பற்றித்தான் சொல்கிறார்கள்."

சாக்ஸ் பரீட்சை

ஒரு பல் டாக்டரும் அவருடைய மைத்துனரும் சேர்ந்து வேட்டையாட ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மைத்துனர் செங்கல் சூளை வைத்திருந்தவர். ஆளுக்கொரு கம்பெனியின் பைனாகுலர். எது உசத்தி என்ற சண்டை முற்றி, கிறிஸ்துமஸுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. பல் டாக்டரின் மனைவிதான் கடைக்கு ஃபோன் செய்து, எப்படியாவது இதைத் தீர்த்துவையுங்கள் என்றாள். வெளிநாட்டுக்காரன் எந்தப் பக்கமும் சாயமாட்டான் என்று முதலாளி என்னை அனுப்பிவைத்தார்.

என் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியை வெட்டி, இரண்டு பைனாகுலர்களுக்கும் உறை மாட்டினேன். கண்ணாடிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்தி மங்கும் நேரம், மூன்று பேரும் காட்டோரப் பரணில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எதிரே புல்வெளியில் ஒரு மான். எந்தப் பைனாகுலரில் கொம்பின் கிளைகளைக் கடைசிவரை எண்ண முடிகிறதோ அதுதான் உசத்தி என்று பேச்சு. இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வெளிச்சம் முழுக்கப் போனதும், இருவரும் தனித்தனியாக என் காதில் தீர்ப்பைச் சொன்னார்கள்.

நான் உறைகளைக் கழற்றினேன். பல் டாக்டர் தேர்ந்தெடுத்தது மைத்துனருடையது. மைத்துனர் தேர்ந்தெடுத்தது பல் டாக்டருடையது. பரணிலிருந்து இறங்கி காருக்கு நடந்தோம். கார்க் கதவைத் திறந்துவிட்டுப் பல் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அந்த சாக்ஸை நீங்கள் கழற்றியிருக்க வேண்டாம்."

பன்றி ஆடான கதை

லூனெபுர்க் பக்கத்து பேக்கரிக்காரர் ஒருவர், எங்களிடம் வாங்கிய பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சோளக்கொல்லை ஓரத்தில் காட்டுப்பன்றி என்று பார்த்துச் சுட்டிருக்கிறார். செத்துக் கிடந்தது அந்த ஊர் மேயரின் கறுத்த ஆடு.

நான் அரைமணி நேரம் சோதித்தேன். இரண்டு குழாய்களும் நேராக இருந்தன. உள்ளே பூஞ்சை இல்லை, ஈரம் இல்லை. பைனாகுலரில் எந்தக் கோளாறும் இல்லை என்று பணிவாகச் சொன்னேன். அவர் அதைவிடப் பணிவாக விளக்கினார்: "இதன் வழியாகப் பார்த்தவரை அது பன்றிதான். கிட்டே போன பிறகுதான் ஆடாகிவிட்டது."

நீதிபதியின் கண்மணி

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், எழுபது தாண்டியவர், கடையிலேயே பெரிய பைனாகுலரைக் கேட்டார். கழுத்தில் மாட்டினால் ஆளையே குனிய வைக்கும் கனம். பெரிய கண்ணாடி அந்தியில் அதிக வெளிச்சத்தைச் சேர்க்கும், வாஸ்தவம். ஆனால் வயதானால் கண்மணி அவ்வளவு விரியாது. சேர்த்த வெளிச்சம் கண்ணுக்குள் நுழையாமல் வீணாகும். அளந்து பார்க்க ஓர் அட்டை உண்டு. அவரை இருட்டறைக்குக் கூட்டிப்போய் அளந்துவிட்டு, உங்கள் கண்ணுக்குச் சின்னதே போதும் என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

ஹெர் லூடர்ஸின் காது மடல் சிவந்துவிட்டது. அந்த மாதம் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அவருடைய கடிதம் வேண்டும். "கடிதத்தைப் பற்றித் திங்கட்கிழமை பேசுவோம்" என்றார். வீட்டில் என் மனைவி கமலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அவர் வயசை அவர்கிட்டயே சொல்லணுமா?" சனி ஞாயிறு இரண்டு நாளும் பெட்டி கட்டுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் நீதிபதி வந்தார். கூடவே அவர் வயதில் மூன்று வேட்டை நண்பர்கள். இவர்களையும் அளக்க வேண்டும் என்றார். ஒவ்வொருவராக இருட்டறைக்குள் போய் வந்தார்கள். மூவருக்கும் நீதிபதியைவிடக் கண்மணி சிறிது. மூவரும் மறுபேச்சில்லாமல் சின்ன பைனாகுலர் வாங்கினார்கள். கல்லாவுக்குப் பின்னால் முதலாளி என் கடிதத்தை டைப் அடிக்க ஆரம்பித்தார்.

நீதிபதி மட்டும் அந்தப் பெரியதையே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மனசு கேட்காமல், ஐயா, இது உங்களுக்கும் வீண்தானே என்றேன். அவர் நண்பர்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் வீண்தான். ஆனால் இவர்களுக்கு என்னைவிட அதிகம் வீண்."

உலகத்திலேயே சிறந்த பைனாகுலர் எது என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், அவர் எதை வாங்கி வைத்திருக்கிறார் என்று முதலில் விசாரித்துவிட்டு, அதன் பெயரைத்தான் சொல்கிறேன்.